பேருக்கு ஒயர் கிடையாது

மலாக்கா டவுன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில், நம்பர் சொல்லி இணைப்புக் கேட்பவர்கள் அபூர்வம். "நம்பர் ப்ளீஸ்" என்று நாங்கள் கேட்போம். மறுமுனையில், "பெண்டஹாரா ரோடு ஜவுளிக்கடை, மாடிப்படி வெளியில இருக்குமே, அது" என்பார்கள். "மீசை டாக்டர் இருக்காரா பாரும்மா" என்பார்கள். ஒரு சீன முதலாளி "என் தம்பி வீடு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அவருக்குத் தம்பிகள் பலர். எந்த நேரத்தில் எந்தத் தம்பியிடம் பேசுவார் என்பது எங்களுக்குப் பழகியிருந்தது.

எங்கள் முன்னால் நின்ற போர்டில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சிறு துளை. யாராவது போனை எடுத்தால் அவர்களுடைய துளைக்கு மேலே விளக்கு எரியும். ஒரு பிளக்கை அதில் செருகிப் பேசி, அவர்கள் கேட்கும் இடத்தின் துளையில் மறு பிளக்கைச் செருக வேண்டும். வேலை அவ்வளவுதான். கை ஓயாது, காது ஓயாது, முதுகு மட்டும் சாயங்காலத்தில் கெஞ்சும்.

எங்கள் சூப்பர்வைசர் ஒரு யூரேஷிய அம்மாள். எல்லோரும் 'மேடம்' என்போம். எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் நடப்பார். பேரைச் சொல்லிக் கேட்பவர்களை நம்பர் சொல்ல வைக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அவர் பின்னால் நிற்கும்போது நாங்கள் "நம்பர் ப்ளீஸ்" என்று இரண்டாம் தரமும் கேட்போம். அவர் நகர்ந்ததும் மீசை டாக்டருக்குப் பிளக்கைச் செருகிவிடுவோம்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த சமயம் அது. கடைவீதியெல்லாம் புதுக் கொடிகள். எல்லாம் புதுசாக மாறப்போகிறது என்று ஊர் பேசியது. எங்களுக்கு வந்த புதுசு, ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச். இனி ஜனங்கள் தாங்களே நம்பரைச் சுழற்றிக்கொள்வார்கள், நடுவில் நாங்கள் தேவையில்லை. பின்கட்டு அறையில் பெரிய பெரிய இரும்புச் சட்டங்கள் வந்து இறங்கின. அவற்றுக்கு ஒயர் கட்ட வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர் தமிழர், செரம்பான்காரர். ஒல்லியாக, சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளியோடு இருப்பார். சாப்பாட்டு வேளையில் எங்கள் அறைக்குத் தண்ணீர் குடிக்க வருவார்.

முதல் நாளே எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் வந்தது.

"ஏன் மிஸ், எல்லாரும் பேரையே சொல்றாங்க, நீங்களும் கனெக்‌ஷன் குடுத்துடுறீங்க? மெஷின் வந்தா என்ன பண்ணுவாங்க?"

"நீங்கதானே மெஷின் கொண்டு வர்றீங்க, நீங்களே சொல்லிக் குடுங்க. இத்தனை வருஷமா பேரு சொல்லித்தான் பேசியிருக்காங்க."

"பேருக்கு ஒயர் கிடையாது மிஸ். நம்பருக்குத்தான் ஒயர் உண்டு."

"அப்போ உங்க மெஷினைக் கேளுங்க, மீசை டாக்டர் இன்னைக்கு எந்த கிளினிக்ல இருக்காருன்னு."

அவர் சிரித்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். மறுநாளும் வந்தார். தண்ணீர்ப் பானை அவர்கள் அறையிலும் ஒன்று இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீடு காஜா பேராங்கில், பல தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழ் வம்சத்துச் சிட்டி மக்களின் குடியிருப்பான கம்போங்கை ஒட்டி இருந்தது. அப்பா ஒரு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. பக்கத்து வீட்டில் ஒரு சிட்டி அம்மா இருந்தார். நான் அவரை மக்சிக் என்பேன், அத்தை மாதிரி; அவர் என்னை அடிக் என்பார், தங்கச்சி மாதிரி. பொட்டு வைத்துக்கொள்வார், கோயிலுக்குப் போவார். ஆனால் பேசுவது அவர்களுடைய மலாய்தான். சாமி காரியங்களில் மட்டும் நடுவே தமிழ்ச் சொல் வந்து விழும். காலையில் கூடை கூடையாகப் பலகாரம் செய்து விற்பார். அவர் கணவருக்கு நெஞ்சில் நோய் கண்டு, ஊருக்கு வெளியே இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மாதக்கணக்காகும் என்று சொல்லிவிட்டார்கள். பார்க்க ஞாயிற்றுக்கிழமை மட்டுமே அனுமதி. அதுவும் தள்ளி நின்றுதான்.

ஞாயிறு போதவில்லை மக்சிக்குக்கு. எங்கள் முனையில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவரின் மளிகைக்கடை உண்டு. எல்லோருக்கும் அவர் 'பாய்'தான். அந்த வட்டாரத்திலேயே அங்கேதான் போன் இருந்தது. பலகாரம் விற்று முடிந்த மத்தியானத்தில் மக்சிக் அங்கே போய்ப் போனை எடுப்பார். போர்டில் பாய் கடை விளக்கு எரியும். நான் "நம்பர் ப்ளீஸ்" என்பேன்.

"அடிக், நான்தான். அவர்கிட்ட பேசணும்" என்பார் மலாயில்.

அவ்வளவுதான் முகவரி. நான் ஆஸ்பத்திரி வார்டில் இணைப்பேன். அங்கே இருந்த அட்டெண்டர் நல்ல மனுஷர். தாழ்வாரத்தில் இருந்த போனுக்கு மக்சிக்கின் கணவரை மெதுவாக நடத்திக் கூட்டி வருவார். அந்த நடைக்கும் சேர்த்து லைனை நான் பிடித்து வைத்திருப்பேன். என்ன பேசுவார்கள் என்று கேட்கக் கூடாது, கேட்டதில்லை. ஆனால் பிளக்கை எடுக்கும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு நொடி காது கொடுக்க வேண்டும். அந்த நொடியில் பெரும்பாலும் இருவரும் பேசாமல்தான் இருப்பார்கள். அவர் மூச்சு வாங்குவது கேட்கும், இவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆட்டோமேட்டிக் வரப்போகிறது என்றதும் எனக்கு முதலில் நினைவு வந்தது மக்சிக்தான். அவருக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. செரம்பான்காரரிடம் சொன்னேன். குத்திக்காட்டத்தான் சொன்னேன்.

"உங்க மெஷின் வந்தா எங்க பக்கத்து வீட்டு அம்மா தன் புருஷன்கிட்ட எப்படிப் பேசுவாங்க?"

அவர் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். ஆனால் அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், சுழற்றும் போன் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு பாய் கடைக்கு வந்து நின்றார். ஊரில் கடை கடையாக அப்படி வைத்துப் பழக்கினார்கள், அது அவர் வேலையில் ஒரு பங்குதான். ஆனால் காஜா பேராங்குக்கு முதலில் வந்தது அவராக எடுத்த முடிவு.

மக்சிக்கை நான் கூட்டிப் போனேன். அவர் அந்த வட்டத் தட்டைப் பார்த்துவிட்டு, "இது எனக்கு வராது, தம்பி" என்றார்.

"வரும் மக்சிக். படிக்க வேணாம். உருவத்தைப் பாருங்க போதும்" என்றார் அவர், நல்ல மலாயில்.

மக்சிக் தட்டைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு இரண்டைக் காட்டி, "இது வாத்து" என்றார். நான்கைக் காட்டி, "கவிழ்த்துப் போட்ட நாற்காலி." ஒன்று, ஈர்க்கு. பூஜ்யத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது ஒண்டே-ஒண்டே!" தேங்காய்ப்பூவில் புரட்டி எடுக்கும் அந்த உருண்டைப் பலகாரம்தான் அவர் கூடையில் முதலில் தீர்வது. எட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஒண்டே-ஒண்டே. அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. எல்லா எண்ணுக்கும் பேர் வைத்துவிட்டார். வார்டின் நம்பர் வாத்தில் தொடங்கி ஈர்க்கில் முடியும். பலகார மாவு பிசையும்போது அதை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். எங்கள் அடுப்படிக்குக் கேட்கும்.

"பாத்தீங்களா, நம்பருக்கும் பேரு வந்துருச்சு" என்றேன் நான் செரம்பான்காரரிடம், கடை வாசலில்.

"வரட்டுமே" என்றார். "ஒயரை நான் பாத்துக்கிறேன்."

புது எக்ஸ்சேஞ்ச் திறந்த அன்று மத்தியானம் நான் வேலைக்குப் போகாமல் பாய் கடையில் போய் நின்றேன். மக்சிக் விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றினார். தட்டு திரும்பி வந்து நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மணி அடித்தது. அட்டெண்டரின் குரல் வந்தது. மக்சிக் போனைக் காதிலிருந்து எடுத்து, அதைப் பார்த்து, மறுபடியும் காதில் வைத்தார். "நானே கூப்பிட்டேன்" என்றார் கணவரிடம். "யாரும் நடுவில் இல்லை. நானே." எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

பல வாரங்கள் அப்படியே நடந்தது. நாங்கள் சிலர் மட்டும் வெளியூர் அழைப்புகளுக்காகப் போர்டில் மிஞ்சியிருந்தோம். செரம்பான்காரரைப் பராமரிப்புக்காக மலாக்காவிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்சிக் ஆஸ்பத்திரியிலிருந்து வாடிய முகத்தோடு திரும்பினார். கணவருக்கு இருமலில் ரத்தம் வந்ததாம். அதற்கு இரண்டொரு நாள் கழித்து, சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது, தெருமுனையில் பாய் கடையை விட்டு இறங்கி வந்து என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, அந்தச் சிட்டி அம்மா போன் பேசிட்டு அப்படியே உக்காந்துருச்சு. கேட்டா ஒண்ணும் சொல்லல. அழுதுக்கிட்டே போயிருச்சு. அவங்க வீட்டுப் பக்கம் கூட்டமா இருக்கு. நீ போயி பாரு."

நான் ஓடினேன். மக்சிக் வீட்டில் கம்போங் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நடுவில் மக்சிக் தரையில் உட்கார்ந்திருந்தார். வாய்விட்டு அழவில்லை, உடம்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய தங்கை என்னைப் பார்த்ததும், "போய்விட்டார்" என்றாள்.

"யார் சொன்னது?"

"டெலிபோன் சொன்னது."

நான் மக்சிக் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லிட்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன். வழக்கம்போல எண்களைச் சுழற்றியிருக்கிறார். வேறு யாரோ ஆள் எடுத்திருக்கிறான். ஆஸ்பத்திரியா, என் புருஷன் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். அவன், "சுடா தா அடா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மலாயில் அந்தச் சொற்களுக்கு 'இப்போது இல்லை' என்று பொருள். கடையில் சாமான் தீர்ந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ஒருவர் இறந்துபோனாலும் அதைத்தான் சொல்வார்கள்.

"என்ன நம்பர் சுத்தினீங்க மக்சிக்?"

வாத்து முதல் ஈர்க்கு வரை பிசகாமல் சொன்னார். எண்ணில் தவறில்லை. அப்படியானால் வார்டில்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த அட்டெண்டர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைக்கிற மனுஷர் இல்லை. மறுபடியும் பாய் கடைக்கு ஓடி எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டு, செரம்பான்காரரைக் கூப்பிடச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"மிஸ், அந்த வார்டு நேத்து புதுக் கட்டடத்துக்கு மாறிடுச்சு. புது லைன், புது நம்பர். பழைய நம்பரை ஒரு மரக்கடைக்குக் குடுத்தாச்சு. என் கையாலதான் மாத்திக் கட்டினேன். ஆஸ்பத்திரி இப்ப இங்க இல்லன்னு அந்த ஆளு சொல்லியிருப்பான்."

"அப்போ அவர் உயிரோட இருக்காரா?"

"தெரியல மிஸ். லைன்லயே இருங்க."

அவர் இன்னொரு போனில் வார்டைக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. காத்திருந்தேன். பாய் எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வந்த யாரும் எதுவும் கேட்காமல் நின்றார்கள். பிறகு செரம்பான்காரர் குரல் வந்தது.

"இருக்காரு. கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்காராம். இருமலும் நேத்துலேர்ந்து பரவால்லையாம்."

நான் எப்படித் திரும்பி ஓடினேன் என்று நினைவில்லை. ஆனால் மக்சிக் என்னை நம்பவில்லை. "போனுக்கு வாங்க, அவர் குரலையே கேளுங்க" என்றேன். தலையை ஆட்டினார். "அது மறுபடியும் சொல்லும். என்னால் இரண்டாவது தடவை கேட்க முடியாது, அடிக்." எவ்வளவு சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

அப்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. செரம்பான்காரர், ஏணி கட்டிய இலாகா வேனோடு வந்து நின்றார். யாரிடம் அனுமதி கேட்டார் என்று நான் கேட்கவில்லை. உள்ளே வந்து மக்சிக் முன்னால் குந்தி உட்கார்ந்து, "வாங்க மக்சிக், கண்ணால பாத்துட்டு வந்துருவோம்" என்றார். மக்சிக் எழுந்தார்.

வேனில் நானும் அவருடைய தங்கையும் கூடப் போனோம். ஒயர்ச் சுருள்களுக்கு நடுவில் மக்சிக் என் தோளில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் இல்லை. செரம்பான்காரர் லைன் சரிபார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் புதுக் கட்டடத்தின் மாடித் தாழ்வாரத்துக்கு ஒருவர் வந்தார். கோடு போட்ட ஆஸ்பத்திரிச் சட்டை, கையில் ஒரு தகரக் குவளை. கீழே எங்களைப் பார்த்துக் குழம்பிப்போய் நின்றார்.

மக்சிக் அழுவார் என்று நினைத்தேன். அவர் திட்டத் தொடங்கினார். இடம் மாறியதை ஏன் எனக்குச் சொல்லவில்லை, உங்களுக்கு வாய் இல்லையா, நான் பாதி செத்துவிட்டேன் தெரியுமா என்று கீழிருந்து கத்தினார். ஜன்னல்களில் மற்ற நோயாளிகள் தலை நீட்டினார்கள். அவர் குவளையைச் சுவர்மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து, பலமில்லாத குரலில் சொன்னார்:

"போனும் என்னோடதான் வரும்னு நெனச்சேன்."

மக்சிக் சட்டென்று நிறுத்தினார். பிறகுதான் அழுதார். எனக்குப் பக்கத்தில் நின்ற செரம்பான்காரர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் சரியில்லை.

மறுநாள் அவரே மேடத்திடம் போனார். மாற்றிய பழைய நம்பர்களை உடனே வேறு யாருக்கும் கொடுக்காமல், கொஞ்ச காலம் எங்கள் போர்டில் கொண்டுவந்து விட வேண்டும், பழைய நம்பரைச் சுழற்றுகிறவர்களுக்கு ஒரு மனுஷக் குரல் புது நம்பரைச் சொல்ல வேண்டும் என்றார். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் குரல் யாருடையது?" என்று மட்டும் கேட்டார். அவர் என் பக்கம் கையைக் காட்டினார். மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நம்பர் கேட்கவே பிடிக்காத பெண் அது" என்றார். ஆனால் மேலிடத்துக்கு எழுதிப் போட்டு அனுமதி வாங்கியவர் அவர்தான்.

அப்படித்தான் நான் விசாரணை மேஜைக்கு வந்தேன். நாளெல்லாம் ஜனங்கள் பேர் சொல்வார்கள், நான் நம்பர் சொல்வேன். கடை இடம் மாறிய சேதி, டாக்டர் வீடு மாறிய சேதி எல்லாம் முதலில் எனக்கு வரும். ஒரே பேரில் இரண்டு கடை இருந்தால், எந்தத் தெரு என்று கேட்டுச் சரியானதைச் சொல்வேன். போர்டில் உட்கார்ந்ததைவிட எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பதற்றத்தோடு வருகிற குரல், நம்பரைக் கேட்டதும் "நன்றிம்மா" என்று இறங்கும்.

மக்சிக் புது நம்பரையும் கற்றுக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு, ஆள் எடுத்ததும் முதலில் "இது எந்த இடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவார். கணவர் அடுத்த பொங்கலுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தார். எலும்பும் தோலுமாகத்தான் வந்தார். மக்சிக் அவரை வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார வைப்பார். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அவர் கையைத் தூக்கி வணக்கம் சொல்வார்.

ஒரு நாள் மத்தியானம் விசாரணை மேஜையில் மணி அடித்தது. எடுத்தேன்.

"மிஸ், ஒரு வீட்டு நம்பர் வேணும்."

குரல் தெரிந்துவிட்டது. அடுத்த அறையிலிருந்துதான் பேசுகிறார். ஆனாலும் முறைப்படி, "எந்த வீடு சார்?" என்றேன்.

"காஜா பேராங்ல. சிட்டி கம்போங்குக்குப் பக்கத்துல. கிராணி வீடு. வாசல்ல ஒரு ரம்புத்தான் மரம்."

என் கழுத்தெல்லாம் சூடேறியது. மேடம் எனக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

"அந்த வீட்டுல போன் இல்லையே சார்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கேக்குறீங்க?"

"போன் இல்லாத வீட்டுல எப்படிப் பேசுறதுன்னு நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன்."

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "நேர்லதான் போகணும். ஞாயித்துக்கிழமை அப்பா வீட்டுல இருப்பாரு."

மேடம் என் தோளில் ஒரு விரலால் மெல்லத் தட்டிவிட்டு நகர்ந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் செரம்பானிலிருந்து தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்குச் சட்டைப் பையில் திருப்புளி இல்லை. நான் என் அம்மாவோடு அடுப்படியில் நின்றிருந்தேன். அப்பாவுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, நீங்க போன் இலாகாதானே, நம்ம வீட்டுக்கு ஒரு போன் கெடைக்குமா?" என்று கேட்டார்.

"நெறைய பேரு எழுதிப் போட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க, மாமா" என்றார் அவர்.

அப்பா போனைப் பற்றி மேலும் கேட்கப்போனார். அவர் 'மாமா' என்று சொன்னதை அம்மா கவனித்துவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.